காடு வெட்டப்பட்ட பிறகு குளத்துக்கும் மண்ணுக்கும் என்ன ஆகிறது: எதை வைத்து அளப்பது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் எந்தக் கமக்கார அமைப்பின் கூட்டத்துக்குப் போனாலும் இந்தக் கதை வராமல் போகாது. மேலே காடு வெட்டுகிறார்கள், குளம் தூர்ந்துகொண்டு வருகிறது, முந்தி சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, காணுமாக இருந்த தண்ணீர் இப்போது பாதி வயல்வெளிக்கும் காணாது. எல்லாம் சரி. ஆனால் பிரதேச செயலகத்திலோ நீர்ப்பாசனத் திணைக்களத்திலோ போய் நின்றால் "எதை வைத்துச் சொல்கிறீர்கள்" என்று ஒரு கேள்வி வரும், அதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. சரி, அளப்போம் என்று பேச்சு எடுத்ததும் ஒருவர் செய்மதிப் படம் என்பார், இன்னொருவர் தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம் என்பார், ஏதாவது திட்டத்தில் காசு வரும் என்று நம்புகிறவர் தானாக அளக்கும் சென்சர் பொருத்துவோம் என்பார். எல்லாவற்றையும் செய்யக் காசும் இல்லை, ஆளும் இல்லை.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். மழை நாளில் ஓடைத் தண்ணீரைத் தானே பிடித்து வைக்கும் சில போத்தல்கள், ஒரு மழைமானி, இலவசமாகக் கிடைக்கும் செய்மதிப் படம். இவை மூன்றும் முதல். மண்ணை அளப்பது இரண்டாவது. ஓடைப் பூச்சிகளை எண்ணுவது பள்ளிக்கூடம் ஒன்று சேர்ந்தால் மட்டும். சென்சரை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

தண்ணீர் குறைந்ததா, கூடியதா?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தப்பான பொருளை அளந்துகொண்டிருப்போம். காடு அழிந்தால் தண்ணீர் குறையும் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் உலகில் நீரேந்துப் பகுதிகளில், அதாவது மழைநீர் ஓர் ஓடைக்கு வடிந்து சேரும் நிலங்களில், நடந்த பரிசோதனைகள் பெரும்பாலும் சொல்வது நேர்மாறானது: மரம் உறிஞ்சி ஆவியாக விடும் தண்ணீர் மிச்சமாவதால், வெட்டிய முதல் சில ஆண்டுகளில் ஆற்றில் ஓடும் மொத்தத் தண்ணீர் கூடுகிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் ஹப்பார்ட் புரூக் என்ற இடத்தில் 1965 கடைசியில் ஒரு சிறு நீரேந்துப் பகுதியை முழுதாக வெட்டி, திரும்ப முளைக்காமல் களைநாசினியும் அடித்துப் பார்த்தார்கள். முதல் ஆண்டிலேயே ஓடை நீர் ஏறக்குறைய 40 சதவீதம் கூடியது, மண்ணின் சத்தான நைத்திரேற்று பன்மடங்காக வெளியேறியது. 1982இல் பொஷ், ஹியூலெற் என்ற இருவர் இப்படியான 94 பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நமக்கு வேண்டிய வரி அதில்தான் இருக்கிறது: காட்டுப் பரப்பில் 20 சதவீதத்துக்குக் குறைவாக அழிந்தால், ஓடும் நீரின் அளவை வைத்து அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால் சிறுபோகத்தில் தண்ணீர் காணாமல் போவது பொய்யா? பொய் இல்லை. ஆண்டு மொத்தம் கூடலாம், ஆனால் அது வரும் விதம் மாறுகிறது. புல்டோசர் மிதித்து இறுகிய மண், எரித்த மண், மாடு நின்று இறுக்கிய மண், இவை மழையை உள்ளே விடாது. மார்கழி மழையில் வந்த வேகத்தில் ஓடி, குளத்தை நிரப்பி, வான் பாய்ந்து, வாவிக்குப் போய்விடும். மண்ணுக்குள் இறங்கி மாசி பங்குனியில் மெல்ல மெல்ல ஓடைக்கு ஊறி வரவேண்டிய பங்குதான் குறைகிறது. அதோடு குளத்தின் அடியில் வண்டல் ஏறினால் அதே மட்டத்தில் நிற்கும் தண்ணீர் முந்தியதைவிடக் குறைவு. குளக்கட்டில் இருக்கும் அளவுகோலில் அதே அடி காட்டும். உள்ளே அவ்வளவு தண்ணீர் இருக்காது. ஆகவே குளத்தின் நீர்மட்டத்தை மட்டும் வைத்துக் காடழிப்பை நிரூபிக்கப் போகிறவர்கள் கூட்டத்தில் தோற்றுத்தான் வருவார்கள். அந்தப் பதிவுகளைத் திணைக்களத்தில் கேட்டு வாங்கி வையுங்கள், இலவசமாகக் கிடைக்கும் தரவை விடக் கூடாது. ஆனால் அளக்க வேண்டியது தண்ணீரின் அளவை அல்ல, அது தூக்கிக்கொண்டு வரும் மண்ணை.

செய்மதிப் படம்

இதில் காசுச் செலவே இல்லை. ஐரோப்பியரின் சென்ரினல்-2 செய்மதிகள் ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீற்றர் நுணுக்கத்தில் படம் எடுக்கின்றன, கொப்பர்னிக்கஸ் பிரவுசரில் போனிலேயே பார்க்கலாம். லான்ட்சாற் படங்கள் 30 மீற்றர்தான், ஆனால் 1980களில் இருந்தே அந்த நுணுக்கத்தில் இருக்கின்றன, 2008இல் இருந்து இலவசம். எந்த ஆண்டில் எந்த மூலை வெட்டுப்பட்டது என்று பின்னோக்கிப் பார்க்க இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. குளோபல் ஃபொரஸ்ற் வொட்ச் தளத்தில் 2001இல் இருந்து ஆண்டு ஆண்டாக மர இழப்பு நிறம் தீட்டியே இருக்கிறது. ஆனால் அதை அப்படியே அச்செடுத்துக்கொண்டு மாவட்டக் கச்சேரிக்குப் போக வேண்டாம். அது காட்டுவது மர இழப்பு, காடழிப்பு அல்ல. வன இலாகா தன் தேக்கந் தோட்டத்தை முறைப்படி வெட்டினாலும் அங்கே அதே நிறம்தான். எதிரே இருக்கும் அதிகாரிக்கு இது தெரிந்திருந்தால் உங்கள் முழுப் படமும் அந்த இடத்திலேயே செத்துப்போகும்.

நம்முடைய வறள் வலயக் காட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாலையும் வீரையும் பச்சையாகவே நிற்கும், ஆனால் இலை உதிர்க்கும் மரங்களும் கலந்துதான் நிற்கின்றன, ஆடி ஆவணியில் காடே வெளிறித் தெரியும். தை மாதப் படத்தையும் ஆவணி மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காடு போய்விட்டது என்று சொன்னால் பகிடிதான். ஒரே மாதத்தைத்தான் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டும். அப்புறம் முகில். ஐப்பசி முதல் தை வரை, மண் கரைந்து ஓடும் அந்த மாதங்களில்தான், செய்மதிக்கு மட்டக்களப்பு தெரிவதே அரிது. ராடார் வைத்திருக்கும் சென்ரினல்-1 முகிலுக்குள்ளாலும் பார்க்கும், ஆனால் அதை வாசிக்கப் பழக்கம் வேண்டும். உன்னிச்சை, உறுகாமம் போன்ற பெரிய குளமென்றால் மழைக்குப் பின் முகில் விலகும் ஒரு நாளில் மண் கலந்த தண்ணீரின் கலங்கல் நிறத்தைக்கூட மேலிருந்து காணலாம். ஓடையைக் காண முடியாது, அது ஒரு படப்புள்ளியை விட ஒடுக்கம்.

மொத்தத்தில் செய்மதி எங்கே, எப்போது, எவ்வளவு என்ற மூன்றுக்கும் பதில் சொல்லும். அதனால் என்ன நடந்தது என்று சொல்லாது. அது இல்லாமலும் முடியாது, அதோடு நின்றுவிடவும் முடியாது.

ஓடைத் தண்ணீர்

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன், ஏனென்றால் கிடைக்கும் காசை வீணாக்குவதும் இங்கேதான்.

வழமையான முறை மாதத்துக்கு ஒருமுறை போய் ஒரு போத்தலில் தண்ணீர் அள்ளி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது. அறிக்கை அழகாக வரும், கடிதத் தலைப்போடு வரும், பெரும்பாலும் ஒன்றுமே சொல்லாது. ஒரு சிறு ஓடை ஓர் ஆண்டில் கொண்டுவரும் மண்ணில் பெரும் பங்கு சில மழை நாட்களில்தான் வருகிறது. சேனைப் பயிர்ச்செய்கைக்கு ஆவணி புரட்டாதியில் காட்டை வெட்டி எரிக்கிறார்கள், நிலம் மொட்டையாகக் கிடக்கிறது, ஐப்பசியில் முதல் பெரு மழை விழுகிறது, அன்றிரவு ஓடையில் சாம்பலும் மேல்மண்ணும் சேர்ந்து பால் தேநீர் நிறத்தில் போகிறது. நீங்கள் அடுத்த செவ்வாய்க்கிழமை போத்தலோடு போகும்போது தண்ணீர் தெளிந்துவிட்டது. 2011 தை மாத வெள்ளம் போன்ற ஒன்று வந்தால் அந்தச் சில நாட்களிலேயே பல ஆண்டு மண் நகர்ந்துவிடும், மாதாந்தப் பதிவில் அது ஒரு வரியாகக்கூட இருக்காது.

அப்படியென்றால் தானாக அளக்கும் கலங்கல் சென்சர்தானே சரி? காகிதத்தில் ஆம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்கும், இரவும் பகலும். ஆனால் நம்முடைய சூடான தண்ணீரில் அதன் கண்ணாடியில் சில நாளிலேயே பாசி பிடிக்கும். துடைக்கும் பிரஷ் உள்ளது விலை கூட. அளவு சரியா என்று அடிக்கடி, கலங்கல் எவ்வளவு என்று முன்பே தெரிந்த தரக் கரைசலில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் வரும் மரக்கட்டை, யானை, களவு எல்லாவற்றிலும் இருந்து காப்பாற்ற வேண்டும். பல்கலைக்கழகம் ஒன்று பொறுப்பெடுத்து ஆள் வைத்துப் பார்த்தால் நல்லது. கமக்கார அமைப்பு ஒன்று வாங்கினால் இரண்டாவது பெரும்போகத்துக்கு அது அலுமாரியில்தான் இருக்கும்.

நான் சொல்லும் போத்தல் முறை பழையது, நீரியல்காரர் பல பத்தாண்டுகளாகப் பாவிப்பது. ஒரு லீற்றர் போத்தல், வாயில் இரண்டு துளை போட்ட இறப்பர் அடைப்பான், இரண்டு மெல்லிய குழாய். ஒரு குழாய் தண்ணீர் உள்ளே வர, அதைத் தலைகீழ் 'ப' போல வளைக்க வேண்டும். மற்றது காற்று வெளியேற, அது இன்னும் உயரத்தில் வாய் திறந்து நிற்கும். ஓடை ஏறி அந்த வளைவின் முதுகைத் தாண்டியதும் தண்ணீர் தானே இழுபட்டு உள்ளே வந்து போத்தல் நிறையும், நிறைந்தபின் பெரும்பாலும் மாறாமல் நிற்கும். ஓடைக்கரையில் உறுதியாக ஊன்றிய இரும்புக் குழாயிலோ போக்குப் பாலத்தின் தூணிலோ இப்படி மூன்று போத்தலை வெவ்வேறு உயரத்தில் கட்டினால், வெள்ளம் ஏறும்போது மூன்று மட்டத்திலும் தண்ணீர் பிடிபடும். யாரும் இரவில் யானைக் காட்டுக்குள் டோர்ச்சோடு நிற்கத் தேவையில்லை. மழை விட்டபின், வெளிச்சத்தில், இரண்டு பேராகப் போய் எடுத்து வரலாம்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. வெள்ளம் ஏறும்போது தண்ணீரில் இருக்கும் கலங்கல் வேறு, அதே மட்டத்தில் இறங்கும்போது இருக்கும் கலங்கல் வேறு; பெரும்பாலும் ஏறும்போதுதான் கூடுதல். கையால் அள்ளுகிறவர்கள் ஓர் ஓடையில் ஏறும்போதும் மற்ற ஓடையில் இறங்கும்போதும் அள்ளிவிட்டு இரண்டையும் ஒப்பிடுவார்கள். போத்தல் எப்போதும் ஏற்றத்தில்தான் பிடிக்கும், ஆகவே ஒப்பீடு நியாயமானது. குறையும் உண்டு: மேலோட்டமாக மிதந்து வரும் மண்தான் இதில் சிக்கும், அடியில் உருண்டு வரும் பருமணல் சிக்காது. குளத்தைத் தூர்ப்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

பிடித்த தண்ணீரை அளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. அடியில் குறுக்குக் கோடு போட்ட, ஒரு மீற்றர் நீளமான தெளிந்த குழாயில் ஊற்றி, கோடு எத்தனை சென்டிமீற்றரில் மறைகிறது என்று பார்ப்பது ஒன்று. அதைவிட நம்பகமானது எடை: தண்ணீரில் ஒரு சிட்டிகை படிகாரம் போட்டு இரவு முழுக்கத் தெளியவிட்டு, அடியில் நிற்பதை முன்கூட்டியே காயவைத்து நிறுத்த வடிதாளில் வடித்து, திரும்பக் காயவைத்து, நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற 0.01 கிராம் தராசில் நிறுப்பது. லீற்றருக்கு அரைக் கிராம் மண் இருந்தால் அந்தத் தராசு தாராளம். 50 மில்லிகிராம்தான் என்றால் கணக்குத் தடுமாறும், ஆனால் அவ்வளவு தெளிந்த தண்ணீருக்கு யாரும் சண்டைக்குப் போகப் போவதில்லை.

நைத்திரேற்று, பொசுபேற்று அளக்கும் சோதனைக் கீற்றுகள் வாங்கலாமா என்று கேட்பார்கள். வெட்டின இடத்துக்குச் சற்றுக் கீழே, வயல் எதுவும் இல்லாத ஓடையில் என்றால் பொருள் உண்டு. வாவிக் கரையில் வைத்து அளப்பதில் அர்த்தமில்லை. அங்கே வந்து சேரும் தண்ணீரில் யூரியாவும் இருக்கிறது, பட்டணத்துக் கழிவும் இருக்கிறது. காட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது. செக்கி தட்டு என்ற 20 சென்டிமீற்றர் கறுப்பு வெள்ளைத் தட்டை வாவியில் இறக்கிப் பார்க்கலாம் என்பவர்களுக்கும் இதுதான் பதில், அதோடு பல இடங்களில் தட்டு மறைவதற்கு முன்னரே அடியில் முட்டிவிடும்.

பூச்சி எண்ணுவது

ஓடைக் கல்லைப் புரட்டி அடியில் இருக்கும் குடம்பிகளைக் கணக்கெடுக்கும் முறை மேல்நாட்டில் பிரபலம். வால் மூன்று உள்ள மேஃபிளைக் குடம்பியும், மணலாலும் குச்சியாலும் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும் கடிஸ் குடம்பியும் இருந்தால் தண்ணீர் நல்லது. அவை போய் சிவப்புப் புழு மட்டும் மிஞ்சினால் ஏதோ கெட்டுவிட்டது. மண் வந்து கல்லிடுக்கை அடைத்தால் இவற்றுக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை, ஆகவே காடழிப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு அரிதட்டும் வெள்ளைத் தட்டும் போதும், பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள்.

பிரச்சினை நம்முடைய ஓடைகளில். பல ஓடைகள் வைகாசிக்குப் பிறகு ஓடுவதே இல்லை, அடி மணல், கல் குறைவு. இங்கிலாந்துப் புள்ளிப் பட்டியலைக் கொண்டுவந்து வைத்தால், காடு முழுதாக நிற்கும் ஓடைக்கே மோசமான புள்ளி வரும். மாசி மாதத்தில், ஓட்டம் இன்னும் இருக்கும்போது, ஒரே மாதிரியான இரண்டு ஓடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் மட்டும் பலன். உயிரியல் ஆசிரியர் ஒருவர் முன்வந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் விடுங்கள். தண்ணீரில் கலந்திருக்கும் மரபணுத் துகளைப் பிரித்துப் பார்க்கும் புது முறை பற்றியும் பேசுகிறார்கள். செலவையும், நம் உயிரினங்களுக்கு ஒப்பிடப் போதிய பதிவு இல்லாததையும் பார்த்தால் அது இப்போது நமக்கான வேலை இல்லை.

மண்

மண்ணின் காபனை ஆய்வுகூடத்தில் அளப்பதுதான் ஆராய்ச்சிக்காரர் முதலில் சொல்வது. காட்டைப் பயிர்நிலமாக்கினால் மண்காபன் சராசரியாக 40 சதவீதமளவு குறைகிறது என்று 2002இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் அது ஆண்டுகள் எடுத்து நடப்பது, இரண்டு போகத்தில் வித்தியாசம் பிடிபடாது. இன்னொரு பொறியும் உண்டு: இறுகிய மண்ணில் அதே பத்து சென்டிமீற்றர் ஆழத்துக்குள் கூடுதல் மண் இருக்கும், எனவே மண்ணின் அடர்த்தியைச் சேர்த்து அளக்காவிட்டால் அழிந்த நிலத்தில் காபன் குறையவே இல்லை என்றுகூடக் கணக்கு வரும்.

அதைவிட உடனே பதில் சொல்வது நீர் இறங்கும் வேகம். உள்விட்டம் 15 சென்டிமீற்றர் உள்ள தகர வளையத்தைச் சில சென்டிமீற்றர் மண்ணில் இறக்கி, 450 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றினால் அது சரியாக ஒரு அங்குல மழை. எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று பாருங்கள். முதல் ஊற்று மண்ணை நனைக்க மட்டும், இரண்டாவது ஊற்றின் நேரத்தைத்தான் எழுத வேண்டும். காட்டுக்குள் இலைச்சருகை மெல்ல விலக்கிவிட்டு ஊற்றினால் மண் அதை மளமளவென்று குடிக்கும், டோசர் போன தடத்தில் ஊற்றினால் தண்ணீர் உங்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். காட்டு விளிம்பில் இருந்து வெட்டிய நிலத்துக்குள் நேர்கோட்டில் பத்து இடத்தில் செய்யலாம், ஒரு காலை போதும். இந்த ஒரு எண்தான் மேலே சொன்ன தண்ணீர்க் கதைக்குக் காரணத்தையும் தருகிறது.

மண்ணுயிர்களுக்கு மண்புழு எண்ணலாம், 25 சென்டிமீற்றர் சதுரம், 30 ஆழம், மாரியில் மட்டும். நம் காட்டில் அந்த வேலையில் பெரும் பங்கைக் கறையான்தான் செய்கிறது என்பதை மறக்க வேண்டாம். தேயிலைப் பையை எட்டு சென்டிமீற்றர் ஆழத்தில் மூன்று மாதம் புதைத்து எவ்வளவு உக்கியது என்று நிறுக்கும் ஒரு சர்வதேச முறை இருக்கிறது. பச்சைத் தேயிலை ஒன்று, தென்னாபிரிக்காவின் ரூயிபொஸ் ஒன்று. தேயிலை விளையும் நாட்டில் இருந்துகொண்டு ரூயிபொஸ் தேடி அலைவது கொஞ்சம் அதிகம். வெள்ளைப் பருத்தித் துணித் துண்டைப் புதைத்துப் பார்த்தாலும் ஒப்பீட்டுக்குப் போதும்.

எதை எடுத்தாலும் தேவைப்படும் ஒன்று

ஒப்பிட ஒரு ஓடை. இது இல்லாமல் செய்யும் எந்த அளவீடும், எவ்வளவு விலையான கருவியாக இருந்தாலும், கூட்டத்தில் நிற்காது. இந்த ஆண்டு கலங்கல் கூடியது என்றால், மழை கூடினது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். காடு இன்னும் நிற்கும், அளவிலும் சரிவிலும் மண்ணிலும் ஏறக்குறைய ஒத்த, பக்கத்து ஓடையில் அதே போத்தல், அதே நாள். இரண்டிலும் ஒரே மழைதான். மழைமானியும் அதற்குத்தான், ஒரு வீட்டு முற்றத்தில் வைத்துக் காலை எட்டரைக்கு எழுதினால் போதும்.

மேலே மணல் அகழ்வு நடக்கும் ஆற்றைத் தெரிவு செய்யாதீர்கள். முந்தனையாற்றின் கீழ்ப்பகுதியில் போத்தல் கட்டினால் நீங்கள் அளப்பது மணல் லொறியைத்தான். எருமை படுத்துப் புரளும் இடத்துக்கும் மேலே போங்கள், வெட்டிய நிலத்துக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட. மாதவணை, மயிலத்தமடு போன்ற பக்கங்களில் யார் வெட்டியது என்ற சண்டை பெரிது. வெட்டியவர் பெயர்களை அளவீட்டுக் கொப்பியில் எழுத வேண்டாம். கொப்பியில் திகதி, மழை, மட்டம், எடை மட்டும் இருக்கட்டும், அப்போதுதான் அதை எந்த மேசையிலும் வைக்கலாம். ஒரு ஹெக்டயருக்கு மேல் காட்டை வேறு பாவனைக்கு மாற்றுவதற்கு 1993 வர்த்தமானியின்படி சுற்றாடல் அனுமதி தேவை, ஆகவே எவ்வளவு பரப்பு என்ற செய்மதிக் கணக்கும் அதே கொப்பியோடு போக வேண்டும். அப்புறம் உன்னிச்சைத் தண்ணீரைத்தான் மட்டக்களப்புப் பட்டணம் குடிக்கிறது, கலங்கல் கூடினால் சுத்திகரிப்புச் செலவும் கூடும். கமக்காரரோடு நீர் வழங்கல் சபையையும் இந்த மேசைக்கு இழுப்பதற்கு அது நல்ல காரணம்.

அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சொல். கல்லோயாத் தேசியப் பூங்காவை 1954இல் ஒதுக்கியதே சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தின் நீரேந்துப் பகுதியைக் காக்கத்தான். அந்த எல்லையை ஒட்டி, உள்ளே இருந்து வரும் ஓடை ஒன்றும் வெளியே வெட்டிய நிலத்தில் இருந்து வரும் ஓடை ஒன்றும் கிடைக்குமென்றால், ஒப்பிடும் ஓடை தேடி நீங்கள் எங்களைப் போல அலையத் தேவையில்லை. வனஜீவராசிகள் திணைக்களத்திடம் எழுத்தில் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் புரட்டாதிக்குள் தொடங்க வேண்டும். கம்பம் ஊன்றி, ஒரு வாளித் தண்ணீரில் போத்தல் சரியாக இழுக்கிறதா என்று பார்த்து, இரண்டு பேருக்குக் காட்டிக்கொடுத்து வைத்துவிட்டால் ஐப்பசியின் முதல் வெள்ளம் கிடைக்கும். கார்த்திகையில் ஊன்றினாலும் பழுதில்லை, ஆனால் அந்த ஆண்டின் முதல் வெள்ளம் போய்விட்டது என்று கொப்பியில் எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு முதல் வெள்ளத்தைப் பிடித்துவிட்டு, இதோடு வைத்து, கலங்கல் இரட்டிப்பானது என்று யாராவது கணக்குப் போட வருவார்கள்.